ஐந்து ஆட்டம், ஐந்து அத்தை

டெரிக் ஹௌகன் தன்னுடைய வெர்னா அத்தையைக் கொன்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு. கொல்லும் எண்ணத்தோடு அவன் கிளை மேலாளரின் அறைக்குள் நுழையவில்லை. வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு கேட்கத்தான் போனான்.

"எதுக்கு?" என்று கேட்டார் மார்லிஸ் தோர்சன், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தபடி.

இந்த ஒரு கேள்விக்காக மூன்று நாளாக அவன் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில், பல்வலி. மார்லிஸின் பார்வை பட்டதும் பல்வலி பறந்துவிட்டது.

"அத்தை..." என்றான்.

"அத்தைக்கு என்ன?"

"தவறிட்டாங்க."

மார்லிஸ் பேனாவைக் கையில் எடுத்தார். "அடடா. பேரு?"

"டெரிக்."

"அத்தை பேரு."

"வெர்னா. எண்பத்தோரு வயசு. லூத்தரன் சர்ச். வெள்ளிக்கிழமை மத்தியானம் அடக்கம்." தாய்க்கோழி மாதிரி ஒரு பொய் வெளியே வந்துவிட்டால் அதன் குஞ்சுகளெல்லாம் தானாகவே பின்னால் வந்துவிடுகின்றன.

மார்லிஸ் ஒன்றுவிடாமல் படிவத்தில் எழுதிக்கொண்டார். "போயிட்டு வாங்க டெரிக். மனசைத் தேத்திக்கோங்க," என்றார்.

டெரிக்கின் அப்பா வீட்டுக்கு ஒரே பிள்ளை. அத்தை என்று ஒரு ஜீவன் அந்தக் குடும்பத்தில் பிறக்கவே இல்லை.

உண்மையான காரணம் ஃபாக்ஹார்ன்ஸ், அதாவது மூடுபனி ஊதுகுழல்கள். ஏரிக்கரை நகரமான டுலூத்துக்கென்று புதிதாக முளைத்த தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால் அணி. புது லீக், முதல் வருஷம், ஆறு அணிகள், ஆளுக்குப் பத்து ஆட்டம். வசந்தகால லீக் என்று பெயர். டுலூத்தில் ஏப்ரல் மாதம் வசந்தம் காலண்டரில் மட்டும்தான் இருக்கும். ஏரிக்காற்று காதை அறுத்துக் கையில் கொடுத்துவிடும். நல்ல நேரங்களையெல்லாம் பெரிய லீக்குகள் பிடித்துக்கொண்டதால், இவர்களுக்கு டிவிக்காரர்கள் ஒழித்துக் கொடுத்தது வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணி.

அந்த அணியின் கிக்கர் டெரிக். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி வாங்கித் தருகிற ஆள். கல்லூரியில் உதைத்தது. அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் கார் இன்ஷூரன்ஸ் மனுக்களைப் புரட்டிக்கொண்டே, சாயங்காலம் சர்ச்சுக்குப் பின்னால் தனியாக உதைத்துக்கொண்டிருந்தான். முப்பத்துநாலு வயதில், கடைசியாக ஒருமுறை என்று தேர்வுக்குப் போனான். அணியில் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்குக் காருக்குள் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதான்.

ஆனால் அவனுடைய இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மினியாபொலிஸில் ஒரு தலைமை அலுவலகம் இருந்தது. அது லீவுக்கு ஒப்புக்கொள்ளும் காரணங்கள் மூன்றே மூன்று: கல்யாணம், ஆஸ்பத்திரி, சாவு. இன்னொரு இடத்தில் சம்பளம் வாங்கினால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். போன வருஷம் மீன்பிடி பருவம் தொடங்கும் நாளுக்கு அவனோடு வேலை பார்க்கும் ராண்டி லீவு கேட்டான். மின்னசோட்டாவில் அந்த நாளுக்கு லீவு தராதவன் மனுஷனே இல்லை. தலைமை அலுவலகம் தரவில்லை.

வேலையை விட்டுவிடலாம் என்றால், மனைவி கிர்ஸ்டன் ஏழு மாதம். பிரசவத்துக்கான மருத்துவக் காப்பீடு இந்த வேலையோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. டெரிக் இரண்டையும் வைத்துக்கொள்ள முடிவு செய்தான். பனியனின் முதுகில் அம்மா வழிப் பெயரான நெல்சனைப் போட்டுக்கொண்டான். டுலூத்தில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு நெல்சன்மேல்தான் விழும். தலையில் ஹெல்மெட், முகத்துக்கு முன்னால் கம்பி. கிக்கர் முகத்தை எவன் பார்க்கப் போகிறான்?

"பத்து ஆட்டத்துக்குப் பத்து அத்தையா?" என்றாள் கிர்ஸ்டன். "உங்க தாத்தாவை ஊர்ல என்ன நினைப்பாங்க?"

முதல் ஆட்டம் சொந்த ஊரில். டெரிக் நான்கு உதை உதைத்தான், மூன்று உள்ளே போயின. ஃபாக்ஹார்ன்ஸ் ஜெயித்தது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனால் அவன் மேஜையில் ஒரு கண்ணாடிப் பாத்திரம். ஹாட்டிஷ். கீழே கொத்துக்கறி, நடுவில் காளான் சூப், மேலே வரிசையாக உருளைக்கிழங்கு உருண்டை, மொத்தத்தையும் அடுப்பில் வேகவைத்தது. இந்த ஊரில் ஒருவர் செத்தால் பாதிரியாருக்கு முன்னால் ஹாட்டிஷ் வந்துவிடும்.

"சாப்பிடுப்பா," என்றார் வரவேற்பு மேஜையில் உட்காரும் பெவ் அம்மாள். "துக்கத்துல வயித்தைக் காயப் போடக் கூடாது."

பக்கத்து மேஜையில் ராண்டி உற்சாகமாக இருந்தான். "நெல்சன்னு ஒரு கிக்கர். பரவாயில்ல, உதைக்கிறான். ஆனா ஒவ்வொரு தடவையும் உதைக்கிறதுக்கு முன்னாடி கால்சட்டையை மூணு தரம் மேல இழுத்து விட்டுக்கிறான். பாக்கச் சகிக்கல."

டெரிக்கின் கை இடுப்புப் பட்டையிலிருந்து சட்டென்று கீழே இறங்கியது. "நீங்கல்லாம் எங்க பாத்தீங்க? வெள்ளிக்கிழமை ஆபீஸ் உண்டே?"

"ரேடியோ," என்றார்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில்.

டெரிக்குக்குக் கால்சட்டைக் கவலையே பெரிதாக இருந்ததால் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அன்று முழுக்க கால்சட்டை நழுவ நழுவ நடந்தான்.

இரண்டாவது ஆட்டம் ஃபார்கோவில். அங்கே யார் கண்ணிலாவது பட்டால் காரணம் வேண்டுமே என்று, ஃபார்கோவிலேயே இடெல்லா அத்தையைக் குடிவைத்து அங்கேயே சாகடித்தான். அந்த ஆட்டத்தில் கடைசி நிமிஷத்தில் அவன் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போய் ஒரு பாப்கார்ன் வண்டியில் விழுந்தது. தோல்வி.

"அந்த நெல்சனுக்கு உதைக்கத் தெரியல," என்று திங்கட்கிழமை ராண்டி கத்தினான். "அவனைத்தான் பிடிச்சு உதைக்கணும்! நீ என்ன சொல்ற டெரிக்?"

"ஆமா," என்றான் டெரிக் பரிதாபமாக. "வெக்கங்கெட்ட பய."

"பாவம், அவரை விடு," என்றார் பெவ். "ரெண்டே வாரத்துல ரெண்டு அத்தை. அவருக்கு எங்க ஃபுட்பாலெல்லாம்?"

இந்த முறை ஆறு ஹாட்டிஷ். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் கொடுத்தவர் பெயர் நாடாவில் எழுதி ஒட்டியிருந்தது; காலி செய்து, கழுவி, வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். குளிர்பெட்டி மூட மறுத்தது. கர்ப்பிணிக்குக் காளான் சூப் வாசனையே ஆகவில்லை.

"இனிமே யாராவது செத்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள் கிர்ஸ்டன்.

வேறு வழியில்லாமல் பாத்திரங்களை அணியின் உடைமாற்றும் அறைக்குக் கொண்டுபோனான். டெமாரியஸ் என்று ஒரு ஆள், நூற்றைம்பது கிலோ, மிசிசிப்பிக்காரன், குளிரில் சுருண்டு கிடந்தவன், ஒரு பாத்திரத்தை முழுசாக முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"கிக்கரே, இது எங்கருந்து?"

"எங்கத்தை செத்ததுக்கு ஆபீஸ்ல குடுத்தாங்க."

டெமாரியஸ் மரியாதைக்கு ஒரு நிமிஷம் தலையைக் குனிந்தான். அப்புறம் கேட்டான்: "இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

மூன்றாவது ஆட்டத்துக்கு டெரிக் திருந்தப் பார்த்தான். மனசாட்சி ஒரு பக்கம், குளிர்பெட்டி ஒரு பக்கம். பல்வலியைப் புதுப்பித்துக்கொண்டு மார்லிஸிடம் போனான்.

"பல்லா?" மார்லிஸின் முகம் விழுந்துவிட்டது. "பல்லெல்லாம் செல்லாதே டெரிக். அதை சனிக்கிழமை பிடுங்கிக்கலாமே." அவர் பேனாவைத் திருகினார். "வேற... உங்க சொந்தத்துல... எல்லாரும் சௌக்கியமா?"

மோப்பம் பிடித்துவிட்டார் என்றே டெரிக் நினைத்தான். பயத்தில் வாய் தன்பாட்டுக்கு, "ஆர்டிஸ் அத்தைக்குத்தான் ரெண்டு நாளா ரொம்ப முடியல," என்றது.

"ஐயோ பாவம்!" என்றார் மார்லிஸ், நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு. "வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்குமா?"

தாங்கவில்லை. ஃபாக்ஹார்ன்ஸ் ஜெயித்தது. திங்கட்கிழமை பதினொரு ஹாட்டிஷ் வந்தது. அணி மொத்தமும் எடை கூடியது. எதிரணியால் தள்ள முடியாத சுவர்களாக நின்றார்கள். பயிற்சியாளர் வெற்றிக்குத் தன் திட்டம்தான் காரணம் என்று பேட்டி கொடுத்தார்.

நான்காவது ஆட்டம் சூ ஃபால்ஸில், லவோன் அத்தை. அதையும் ஜெயித்தார்கள். ஆனால் திங்கட்கிழமை மார்லிஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "டெரிக், தப்பா நினைக்காதீங்க. தலைமை அலுவலகத்துல கேள்வி கேக்கறாங்க. அடக்கத்துல குடுப்பாங்களே, படம் போட்ட நோட்டீஸ், அது ஒண்ணு வேணும்."

அன்று மாலை டெரிக்கும் கிர்ஸ்டனும் கணினி முன்னால் உட்கார்ந்து நோட்டீஸ் தயாரித்தார்கள். சிலுவை, பைபிள் சங்கீத வரி, பிறந்த தேதி எல்லாம் சரியாக அமைந்தன. படத்துக்குத்தான் ஆள் இல்லை.

"எங்கம்மா படத்தைப் போடு," என்றாள் கிர்ஸ்டன். "அவ எங்க உன் ஆபீஸுக்கு வரப் போறா?"

செவ்வாய்க்கிழமை நோட்டீஸைக் கொடுத்தான். மார்லிஸ் அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே லீக்கிலிருந்து செய்தி வந்தது. பணம் போட்டவர் கையை விரித்துவிட்டார். பத்து ஆட்டப் பருவம் ஐந்தோடு முடிகிறது. முதலிடத்தில் இருக்கும் இரண்டு அணிகளும் இந்த வெள்ளிக்கிழமையே இறுதி ஆட்டம் ஆடும்: டுலூத்தும் டி மொய்னும், டுலூத்தில்.

டெரிக்குக்கு முதலில் தோன்றியது, மீதி ஐந்து அத்தைகள் உயிர் பிழைத்தார்கள் என்பது. அடுத்துத்தான் மற்றது உறைத்தது. லீக் இனி இல்லை. அவன் வாழ்க்கையில் பந்தை உதைத்துச் சம்பளம் வாங்கப்போவது இன்னும் ஒரே ஒரு நாள்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு அவன் மாமியார் ஜாய்ஸ் உள்ளே வந்தார். பழைய கம்பெனியில் தவணை ஏறிவிட்டதே, கார் இன்ஷூரன்ஸை மாப்பிள்ளை கம்பெனியிலேயே எடுத்துவிடுவோம் என்று வந்தவர்.

பெவ் அம்மாள் வீறிட்டார். நேற்று நோட்டீஸில் படமாகப் பார்த்தவர், போன வெள்ளிக்கிழமை அடக்கமானவர், இன்றைக்குக் கைப்பையோடு வந்து நின்றால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது?

டெரிக் நாற்காலிகளைத் தாண்டிக் குதித்தான். "இரட்டைப் பிறவி!" என்று கத்தினான். "லவோன் அத்தையும் இவங்களும் இரட்டைப் பிறவி! ஜாய்ஸ் அத்தை!" மாமியாரின் காதில், "அழுங்க. காரணம் அப்புறம் சொல்றேன்," என்றான்.

ஜாய்ஸ் இருபது வருஷம் சர்ச் நாடகங்களில் நடித்தவர். காரணம் கேட்காமல் அழுதார். பெவ்வும் அழுதார். ராண்டி மூக்கைச் சிந்தினான். மார்லிஸ் அறையிலிருந்து ஓடிவந்து ஜாய்ஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க உடம்பு எப்படி இருக்கு? மூச்சு கீச்சு வாங்குதா?"

"எனக்கென்ன? தினம் காலையில அஞ்சு மைல் பனிச்சறுக்கு போறேன்."

"அப்படியா," என்றார் மார்லிஸ், சுரத்தில்லாமல்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப சொல்லுங்க மாப்ள. செத்தது யாரு?"

"நீங்கதான்."

"எப்போ?"

"போன வாரம். சூ ஃபால்ஸ்ல."

அன்று மாலை வீட்டில் டெரிக் பூட்ஸைக் கழற்றி எறிந்தான். "போதும். மார்லிஸுக்குத் தெரிஞ்சுபோச்சு. இல்லாட்டி உங்கம்மா மூச்சை எதுக்கு விசாரிக்கிறாங்க? நான் ஃபைனலுக்குப் போகல. குழந்தைதான் முக்கியம்."

கிர்ஸ்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். "நாளைக்கு இது பொறந்து கேக்கும். உங்கப்பா ஃபைனல் அன்னிக்கு என்ன பண்ணாருன்னு. கார் முட்டினதுக்கு மனு எழுதிக்கிட்டிருந்தாருன்னா சொல்லச் சொல்ற? போய் உண்மையைச் சொல்லு. வேலை போனா பாத்துக்கலாம். ஹாட்டிஷ் இல்லாம இருந்தாலே எனக்குப் பாதி சுகம்."

அதைக் கேட்டு டெரிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று உறுதியாக வியாழக்கிழமை மார்லிஸின் அறைக்குள் நுழைந்தான்.

"மார்லிஸ், வெள்ளிக்கிழமை..."

மார்லிஸ் ஏற்கெனவே படிவத்தை எடுத்து வைத்திருந்தார். பேனா மூடியும் திறந்திருந்தது. "ஜாய்ஸ் அத்தையா?" என்றார் மெல்ல. "நேத்தே நினைச்சேன். கூடப் பிறந்தது போனா இரட்டைப் பிறவிக்கு மனசு தாங்காது. மூணு மணிக்குத்தானே அடக்கம்?"

டெரிக் தலையை ஆட்டினான். வீரமெல்லாம் வீட்டில் கிர்ஸ்டனோடேயே தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை டுலூத்தில் பனி தூவியது. மைதானம் நிரம்பி வழிந்தது. ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே டெரிக்குக்கு அன்றுதான் தெரியும். டி மொய்ன் அணி முதலில் அடித்தது, இவர்கள் திருப்பி அடித்தார்கள். டெமாரியஸ் ஒரே ஆளாக மூன்று பேரைச் சாய்த்துவிட்டு, "இது வெர்னா அத்தைக்கு!" என்று கத்தினான். கடைசியில் டி மொய்ன் இருபத்துமூன்று, டுலூத் இருபத்தொன்று, கடிகாரத்தில் மூன்று வினாடி.

நாற்பத்தெட்டு கெஜ தூரம். எதிர்க்காற்று. பயிற்சியாளர் டெரிக்கைப் பார்த்து, முதுகில் தட்டி அனுப்பினார்.

டெரிக் போய் நின்றான். கால்சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். ஒருதரம். இரண்டுதரம். மூன்றாவது தரம் இழுக்கும்போது, பயம் போய்விட்டிருந்தது. பன்னிரண்டு வருஷமாகச் சர்ச்சுக்குப் பின்னால் யாருமில்லாமல் உதைத்தானே, அதே பந்து, அதே கால். ஓடினான். உதைத்தான்.

பந்து எழும்பியது. ஏரிக்காற்று அதைப் பிடித்து இடதுபக்கம் தள்ளியது. இருபதாயிரம் பேர் மூச்சை அடக்கினார்கள். பந்து கம்பத்தில் 'ணங்' என்று மோதி, ஒரு கணம் யோசித்து, உள்பக்கமாக விழுந்தது.

அதற்கப்புறம் எழுந்த சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. மைதானத்தின் ஊதுகுழல் அலறியது. துறைமுகத்தில் நின்ற இரும்புத் தாதுக் கப்பல்கள் பதிலுக்கு ஊதின. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இருந்த ஒரே வருஷத்தில், பாதியில் உடைந்த அந்த லீக்கின் ஒரே சாம்பியன் டுலூத். டெமாரியஸ் ஓடிவந்து டெரிக்கைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "எல்லாரும் இந்த மூஞ்சியப் பாருங்கடா!" என்று ஹெல்மெட்டைப் பிடுங்கி வானத்தில் எறிந்தான்.

வாய் கொள்ளாத சிரிப்போடு டெரிக்கின் முகம் இரண்டு மாடி உயரத்துக்குப் பெரிய திரையில் வந்தது.

அந்த உயரத்திலிருந்துதான் அவன் பார்த்தான். முன்வரிசை. பனியில் சட்டையில்லாமல், மார்பில் நீலச்சாயம் பூசிக்கொண்டு ராண்டி. கையில் மாட்டுமணியோடு பெவ் அம்மாள். அவர்களுக்குப் பக்கத்தில் அலுவலகத்தில் மீதி இருந்த அத்தனை பேரும். நடுவில், ரசிகர்கள் ஆட்டுகிற ஆளுயரப் பஞ்சுக் கையை மாட்டிக்கொண்டு மார்லிஸ் தோர்சன். எல்லோரும் வாயைப் பிளந்தபடி திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"என்னை இறக்கி விடு," என்றான் டெரிக்.

நேராகத் தடுப்புக் கம்பிக்குப் போனான். வேலை போனால் போகட்டும். ஒருதரம், ஒரே ஒருதரம், ஒரு ஊரே தனக்காகக் கத்தியதைக் கேட்டாயிற்று. அதை எந்தத் தலைமை அலுவலகமும் பிடித்தம் செய்ய முடியாது.

"மார்லிஸ்," என்றான். "நெல்சன் நான்தான்."

மார்லிஸ் கேட்டார்: "அப்ப... வெர்னா அத்தை?"

"இல்ல."

"இடெல்லா?"

"இல்ல."

"ஆர்டிஸ்? லவோன்?"

"யாருமே இல்ல. எங்கப்பா ஒரே பிள்ளை. ஜாய்ஸ் என் மாமியார், அதோ அங்க உக்காந்து வறுகடலை தின்னுக்கிட்டிருக்காங்க. அஞ்சு சாவும் பொய். என்னை வேலையை விட்டு எடுத்துடுங்க. நான் வருத்தப்பட மாட்டேன்."

மார்லிஸ் பஞ்சுக் கையால் தலையைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ராண்டி முகத்தை மூடிக்கொண்டான். டெரிக் தலை நிமிர்ந்து நின்றான்.

பெவ் அம்மாள்தான் கம்பிக்கு மேலே எட்டி அவன் பனியனைப் பிடித்துக் கிட்டே இழுத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதோரமாகச் சொன்னார்:

"ஐயையோ, சத்தம் போட்டுச் சொல்லாதப்பா! அஞ்சு வெள்ளிக்கிழமையும் உன் அத்தைங்க அடக்கத்துக்குப் போறோம்னு தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் குடுத்துட்டுத்தான் நாங்க அத்தனை பேரும் ஆபீஸைப் பூட்டிட்டு மேட்சுக்கு வந்துக்கிட்டிருக்கோம்!"